பிராம் இரவுக்கு ஒரே ஒரு எழுத்து

அமெரிக்காவில் பிராம் என்கிற உயர்நிலைப் பள்ளி நடன விருந்துக்குக் கிளம்பும் பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்: "பார்ட்டியில பாட்டில் வெளியே வந்தாலோ, வண்டி ஓட்டுறவன் குடிச்சிருந்தாலோ, எனக்கு 'எக்ஸ்'னு ஒரு எழுத்து மட்டும் அனுப்பு." அது வந்தவுடனே போன் போட்டு, "வீட்ல அவசரம், நான் கிளம்பிட்டேன், வாசலுக்கு வா" என்று சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் காதிலும் விழட்டும்.

பதினேழு வயதில் நண்பர்கள் முன்னால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதுதான் பெரும்பாடு. பழியை அப்பா அம்மா மேல் போட்டுவிட்டால் முகம் வாடாமல் நழுவிவிடலாம். ஆனால் அன்றிரவு காரில் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். அங்கே மது வாங்க 21 வயதாக வேண்டும் என்பதால் பிள்ளைகள் ஏற்கெனவே பயந்துதான் இருப்பார்கள். ஒரு தடவை திட்டினால் போதும், அடுத்த முறை அந்த எழுத்து வராது.

நீங்கள் வெளியூரில் இருந்தால் இது பலிக்காது. உடனே போகக்கூடிய சித்தப்பாவையோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியையோ முதலிலேயே பேசி வையுங்கள். யாராவது குடித்து, எழுப்பியும் எழாமல் கிடந்தால் எக்ஸுக்கு வேலையில்லை. உடனே அங்குள்ள அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். உதவிக்கு அழைத்த சிறுவர்மேல் குடித்ததற்காக வழக்குப் போடாத சட்டம் பல மாநிலங்களில் உண்டு. அதையும் சொல்லியே அனுப்புங்கள்.