புதிய பிரெஞ்சு உணவகத்தில் மதியச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தி எந்தக் கையில், முள்கரண்டி எந்தக் கையில் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பிரான்சில் முதன்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு உட்காருபவர்களின் பணம் கரைவது வேறு இடத்தில்.

கரும்பலகையைப் பார்க்காமல் உட்காருவது

நாம் மெனு என்று சொல்லும் பட்டியலுக்கு அங்கே ‘கார்த்’ என்று பெயர். ‘மெனு’ என்றால் ஒரே விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. இரண்டு தட்டு மட்டும் போதும் என்றால் ‘ஃபொர்முல்’: அந்த்ரேயும் ப்ளாவும், அல்லது ப்ளாவும் தெஸேரும். அந்த்ரே என்பது முதலில் வரும் சிறு தட்டு; ப்ளா முக்கிய உணவு; தெஸேர் கடைசியில் வரும் இனிப்பு. அமெரிக்காவில் அதே சொல் முக்கிய உணவைக் குறிப்பதால், அதை மட்டும் கேட்டுவிட்டு அரைவயிற்றோடு எழுந்து போகிறவர்கள் உண்டு.

மதிய ஃபொர்முல் பல கடைகளில் கையில் தரும் கார்த்தில் இருக்காது. வாசலிலோ சுவரிலோ சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். புதுக்கடையில் பணியாளரும் புதியவர். பலகையைக் காட்ட மறந்துவிடுவார். மூன்று தட்டும் சேர்த்துப் பலகையில் 24 யூரோ என்று வைத்துக்கொள்வோம். கார்த்திலிருந்து தனித்தனியாக 9, 19, 8 என்று கேட்டால் 36. இதே தவறு மேசைக்கு மேசை நடப்பதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் வருகிறது.

விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். அன்றைய ப்ளாவை எண்ணிக்கை தெரிந்து வாங்கி, காலையிலேயே மொத்தமாகத் தயாரித்திருப்பார்கள். கை இன்னும் பழகாத அடுக்களையிலிருந்து சூடாக, நேரத்துக்கு வருவது அதுதான். கார்த்திலுள்ள நுணுக்கமான உணவைக் கேட்டவர்தான் காத்திருப்பார்.

மூன்று எச்சரிக்கைகள். ஃபொர்முல் பெரும்பாலும் வேலைநாள் மதியத்துக்கு மட்டுமே. ஓர் உணவின் பக்கத்தில் ‘சுப்ளெமான்’ என்றிருந்தால் அதற்குத் தனிக்காசு. இரண்டு தட்டு கேட்டுவிட்டுப் பிறகு தெஸேரைச் சேர்த்தால், அது கார்த் விலையில் ஏறிவிடக்கூடும்; மூன்றும் வேண்டுமா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

இறைச்சியின் பதம்

‘அ புவான்’ என்றால் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும். அது வேண்டாதவர் ‘பியான் குவி’ என்று கேட்க வேண்டும். ‘தார்தார்’ என்பது பச்சை இறைச்சி.

காய்கறி என்று நம்பிவிடுவது

வெங்காய சூப்பின் அடிச்சாறு வழக்கமாக மாட்டிறைச்சியுடையது. முட்டைக் கலவை ஊற்றிச் சுடும் கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. பருப்பு சாலட்டிலும் அவை இருக்கலாம். “இறைச்சி இல்லையா?” என்றால் சாறு கணக்கில் வராது, சாறு எதில் காய்ச்சியது என்று கேளுங்கள்.

நேரம்

சமையல் பெரும்பாலும் 12 முதல் 2 மணி வரைதான், 1.45-க்குப் போனால் பலகையில் பாதி அழிந்திருக்கும்.

சூஃப்ளே

முட்டை நுரையால் உப்பி எழும் இந்த இனிப்புக்கு அடுப்பில் மட்டுமே 20 நிமிடம் போல ஆகும். ப்ளா கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தண்ணீருக்குக் காசு

“கராஃப் தோ” என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். 2022 முதல் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி அறிவிப்பதும் சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் புட்டி வரலாம்.

பில்

கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். “லதிசியோன்” என்று கேளுங்கள். வரியும் சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். ஃபொர்முல் ஒரே விலையாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டுகளுக்குத் தனித்தனி விலை போட்டிருந்தால், அட்டையை நீட்டும் முன்பே சொல்லுங்கள்.