மலையூரில் பனிக்காலம்: வண்டியைத் தயார் செய்யும் முறை

மலையூரில் குடியிருப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. ஏற முடியாத வண்டி பெரும்பாலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்; இறக்கத்தில் நிற்காத வண்டிதான் உயிருக்கு உலை வைக்கும். ஆகவே, முதல் வெண்பனி விழுவதற்குச் சில வாரங்கள் முன்பே தயாரிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் டயர். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உள்ள வண்டி என்றால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வசதி வண்டியை நகர்த்துவதற்கு உதவுமே தவிர, பிரேக் பிடிக்கும்போது எந்தக் கூடுதல் பலனும் தராது. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குவதால், மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் பொறித்த குறியுள்ள பனிக்கால டயர்களை நான்கு சக்கரங்களிலும் மாற்ற வேண்டும். இரண்டில் மட்டும் மாற்றினால், வளைவில் மற்ற இரண்டும் வழுக்கி வண்டியைத் திருப்பிவிடும். டயரின் பட்டன் (மேற்பரப்பிலுள்ள வெட்டுப் பள்ளங்கள்) ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வெண்பனியில் பிடிப்புப் போய்விடும். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பார்க்க வேண்டும்.

சக்கரச் சங்கிலியை வாங்கி டிக்கியில் போட்டுவைத்தால் மட்டும் போதாது. வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், கையுறை அணிந்தபடியே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். எஞ்சின் விசை செல்லும் சக்கரத்தின் மேல் சங்கிலியை விரித்து, உட்பக்கக் கொக்கியை முதலிலும் வெளிப்பக்கக் கொக்கியைப் பிறகும் மாட்டி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் அது தளர்ந்திருக்கும், ஆகவே இறங்கி மீண்டும் இறுக்குவது அவசியம். பெரும்பாலான சங்கிலிகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்.

பேட்டரி பழையதாக இருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள். கடுங்குளிரில் அதன் திறன் பாதியாகக்கூடக் குறையும், எஞ்சினைச் சுழற்றவோ கூடுதல் விசை தேவைப்படும். ரேடியேட்டரில் கிளைக்கால் (நீரை எளிதில் உறையவிடாத வேதிப்பொருள்) கலந்த கூலன்டும் நீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்: நீர் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். டீசல் வண்டிக்காரர்கள், அடிவாரத்தில் நிரப்பிய சாதாரண டீசல் மேலே வந்ததும் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, குளிர்காலக் கலவையையே நிரப்ப வேண்டும்.

இரவில் வண்டியை நிறுத்தும்போது வைப்பர்களைத் தூக்கி வையுங்கள். ஈரம் உறைந்து ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே, சமதளமாக இருந்தால் அதைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது மேல். காலையில் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கூரைமேல் கிடக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். முதல் பிரேக்கிலேயே அது சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்து, எஞ்சினின் பிடிப்பிலேயே வண்டியை இறக்குவதுதான் சரியான முறை. வெயில் படாத வளைவுகளிலும் பாலங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும் என்று எண்ணி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மண்வெட்டி, போர்வை, டார்ச், தண்ணீர், சக்கரத்தடியில் தூவ மணல் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். பனியில் சிக்கி நின்றுவிட்டால், முதல் வேலையாகப் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை வெட்டி அகற்றுங்கள். அது அடைபட்டிருக்கும்போது எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிடும், அதற்கு மணமும் கிடையாது. அதன் பிறகும், ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ளலாம்.