தைப்பூச வெயிலில் எடுத்த ஃபிலிமை வீட்டிலேயே கழுவி, டிஜிட்டலாக மாற்றும் முறை

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கணக்கிட்டுத் தரப்படுகின்றன. காவடி எடுக்கும் தை மாதத்தில் போர்ட் லூயிஸ் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக வரும். கியூர்பிப் மேட்டில் சூடு குறைவு, ஆனால் ஈரம் விடாது. ஆகவே மொரீசியஸில் இந்தக் கலையைத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல வெப்பமானி. லென்ஸ் எல்லாம் பிறகுதான்.

படம் எடுக்கும்போது

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் போன்ற 400 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) கொண்ட ஃபிலிம் தொடக்கத்துக்கு ஏற்றது. சிறு பிழைகளைத் தாங்கும். நேர் வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப்/16, ஷட்டர் 1/500 நொடி வையுங்கள். காவடி வளைவின் நிழலில் இருக்கும் முகத்துக்கு அது போதாது; எஃப்/8 வரை திறக்க வேண்டும். வானம் வெளிறினாலும் பரவாயில்லை. முகம் ஃபிலிமில் பதியாவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது.

ரீலில் சுற்றுதல்

கழுவுமுன் ஃபிலிமை ரீல் என்ற சுருள்சட்டத்தில் இருட்டில் சுற்ற வேண்டும். தொடங்குபவர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நின்றுவிடும். கை நுழைக்கும் கறுப்புப் பைக்குள் கை வியர்த்தாலும் அப்படித்தான். இரவில், ஒளி துளியும் புகாத அறையில் சுற்றுவது மேல். குளித்து முடித்த குளியலறை கூடாது. ஃபிலிமின் நாக்கை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக மழுக்குங்கள். வீணான ஒரு சுருளை வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை சுற்றிப் பழகிய பின்பே நல்ல ஃபிலிமைத் தொடுங்கள். சுற்றிய ரீலை இருட்டிலேயே ஒளி புகாத டேங்கில் வைத்து மூடிய பிறகு விளக்கைப் போடலாம்.

கழுவுதல்

ஐடி-11 என்ற டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் மருந்து) தூளை முன்தினமே கரைத்து ஆறவிடுங்கள். 40 டிகிரி நீர் 750 மில்லியில் ஏ பொட்டலம் முழுதும் கரைந்த பிறகு பி பொட்டலம். பின்பு 1 லிட்டராக்குங்கள். ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 300 மில்லி போதும்: கரைசல் 150, தண்ணீர் 150. வெயில் காலத்தில் 20 டிகிரிக்காகப் போராட வேண்டாம், 24 டிகிரியில் வேலை செய்யுங்கள். கரைசல் 29 டிகிரியில் இருந்தால், குளிர்ந்த நீரால் 19 டிகிரிக்குக் கொண்டுவந்த தண்ணீரைச் சம அளவு சேருங்கள். கலவை 24க்கு வந்துவிடும். டேங்கையும் மற்ற மருந்துகளையும் அதே சூட்டில் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நிறுத்தி வையுங்கள். மருந்துகளுக்கிடையே சூடு திடீரென மாறினால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும்.

1. டெவலப்பர்: 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். முதல் 10 நொடியில் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே. குமிழி அகல அடியைத் தட்டுங்கள். முடிந்ததும் கொட்டிவிடுங்கள், மறுமுறை உதவாது.
2. ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் மருந்து): மருந்து 15 மில்லிக்கு 285 மில்லி தண்ணீர், 10 நொடி.
3. ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து): ரேபிட் ஃபிக்ஸர் 60 மில்லி, தண்ணீர் 240 மில்லி, 4 நிமிடம். இதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தலாம்.
4. அலசல்: புதுத் தண்ணீர் ஊற்றி 5 முறை கவிழ்ப்பு, மாற்றி 10 முறை, மாற்றி 20 முறை.

கடைசியில் ஈரமூட்டும் திரவம் ஓரிரு துளி கலந்த நீரில் நனைத்து, கீழே கனமான கிளிப் மாட்டித் தூசியில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

எங்கே தவறியது?

ஃபிலிம் ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே பதித்தவை என்பதால் அவை உங்கள் கேமராவைச் சாராதவை. எண்கள் அடர்த்தி, படம் மெலிவு என்றால் எடுத்தபோது ஒளி போதவில்லை. எண்களே மங்கல் என்றால் டெவலப்பர் பழையது, அல்லது நேரம் குறைவு. எண்கள் தெளிவாக இருந்து படமே இல்லையென்றால், பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் நகரவேயில்லை. எண்களும் இல்லாத வெற்றுக் கண்ணாடிபோல் வந்தால் மருந்துகள் இடம் மாறியிருக்கலாம். ஃபிலிம் முழுதும் பால்போல் மங்கியிருந்தால் கவலை வேண்டாம். புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளியும்.

டிஜிட்டலாக்குதல்

ஸ்கேனர் தேவையில்லை. வெள்ளை எல்இடி பலகைமேல் நெகட்டிவை (கழுவிய ஃபிலிமை) தட்டையாக வைத்து, முக்காலியில் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டி, மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸால் படமெடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா (கேமரா சுருக்காத மூல) கோப்பு, 2 நொடி டைமர். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவும் பலகையும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடி வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரிய வேண்டும். கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடமான ஹிஸ்டோகிராமில் ஃபிலிமின் வெற்று ஓரம் வலது முனைக்கு அருகில் வரட்டும், முட்டக்கூடாது. பிறகு கணினியில் படம் திருத்தும் மென்பொருளின் கர்வ் (ஒளி-நிழலைச் சீராக்கும்) கோட்டைத் தலைகீழாக்கி, இரு முனைகளையும் உள்ளே இழுத்தால் படம் எழும். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கிறது, கணினியிலேயே திருப்பிவிடலாம்.