புது அப்பார்ட்மென்டில் அக்கம்பக்கம் பழக

மதுரையில் ஃபிளாட் வாங்கிப் போனவர்களுக்கு ஒரு யோசனை. வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் போடுவதை நம்பாமல், முதலில் வாட்ச்மேன் அண்ணனிடம் பேசுங்கள், யார் வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சித்திரைத் திருவிழா வந்தால் விடாதீர்கள். கள்ளழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று கேட் வாசலில் பானகம் வையுங்கள்: ஒரு கிலோ வெல்லத்துக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர், வடிகட்டியதும் எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். எல்லாவற்றையும் நீங்களே வாங்காதீர்கள். எதிர் வீட்டு அக்காவிடம் அண்டா கேளுங்கள், மாடிப் பையன்களை எலுமிச்சை பிழியவிடுங்கள், வேலையில் கை வைத்தவர்கள்தான் அடுத்த நாள் லிஃப்டில் சிரிப்பார்கள். டம்ளர் மட்டும் எவர்சில்வரா பேப்பரா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும், நடக்கட்டும்.

வண்டியை யாராவது மறித்து நிறுத்தினால் போட்டோ எடுத்து குரூப்பில் போடாமல் நேரில் போய் பெல் அடியுங்கள்.

மெயின்டனன்ஸ் கணக்கை மட்டும் பழக்கத்துக்காக விட்டுவிட வேண்டாம். மாதாமாதம் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், லிஃப்ட் ரிப்பேர் பில் உட்பட.