மேகத்திலிருந்து புனல் இறங்கினால்: கடலூர், புதுச்சேரிக் கரைக்கு ஒரு வழிகாட்டி

புயல் வந்தால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், படகை மேட்டுக்கு இழுத்துவிடலாம். டொர்னேடோ, அதாவது இடிமேகத்திலிருந்து புனல் வடிவில் தரைக்கு இறங்கும் சுழல்காற்று, அப்படியில்லை. அதில் கிடைப்பது சில நிமிடம்தான். எங்கே ஒதுங்குவது என்பதை வானம் தெளிவாக இருக்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. பலமான டொர்னேடோவில் அது 300 கி.மீ.யைத் தாண்டும். ஆனால் பாதை குறுகலானது, பெரும்பாலும் சில நூறு மீட்டர்கூட இருக்காது. பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதே அதிகம்.

உருவாகும் விதம் இதுதான். கீழே சூடான ஈரக்காற்று, மேலே குளிர்ந்த வறண்ட காற்று. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறினால், இடையிலுள்ள காற்று சப்பாத்திக் கட்டை மாதிரி படுத்தவாக்கில் உருளும். இடிமேகத்துக்குள் மேலே பாயும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிடும். சுழற்சி ஒடுங்க ஒடுங்க வேகம் ஏறும். வங்காளப் பகுதியில் கோடை தொடங்கும்போது இது நடப்பதுண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் ஒரே டொர்னேடோவில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நம் கரையில் அவ்வளவு பலமானது அரிது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடல்மேல் எழும் நீர்ச்சுழல், அதாவது கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே தூண் மாதிரி சுழலும் காற்று. அதற்குப் பெரிய இடிமேகம்கூட வேண்டாம். வெதுவெதுப்பான கடலும், மேலே வளர்ந்துகொண்டிருக்கும் மேகமும் போதும். கரையேறினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும், ஆனால் ஷீட் கொட்டகையைப் பெயர்க்க அந்தத் தளர்ந்த காற்றே போதும். இரண்டாவது, புயலின் வெளிமழைப் பட்டைகளில் பிறக்கும் சிறு டொர்னேடோ. புயல் மேற்கே நகரும்போது அதன் வடபக்கத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். கடலூரில் கரை கடந்தால் புதுச்சேரிப் பக்கம் உஷாராக இருக்க வேண்டும்.

ரேடார் சொல்லிவிடும் என்று காத்திருக்காதீர்கள். காரைக்கால் ரேடார் கடலூரிலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி இருக்கிறது. கதிர் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதாலும் பூமி வளைந்திருப்பதாலும் அது நம் தலைக்கு மேல் ஒரு கி.மீ.க்கும் உயரத்தில் போகும். தாழ்வாகச் சுழலும் சின்னப் புனல் அதில் சிக்காமல் போகலாம்.

ஆகவே கண்ணை நம்புங்கள். மேகத்தின் அடிப்பகுதி தொங்கிச் சுழல்கிறதா, அதற்கு நேர்கீழே தரையில் தூசியோ தண்ணீரோ சுழன்று எழுகிறதா என்று பாருங்கள். புனல் முழுசாகத் தெரியாவிட்டாலும் கீழே சுழல் தரையைத் தொட்டிருக்கலாம். ஒரு விளக்குக் கம்பத்தை அடையாளமாக வைத்துப் பாருங்கள்: புனல் இடமோ வலமோ நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால், அது உங்களை நோக்கித்தான் வருகிறது.

உடனே மாடியிலிருந்து இறங்குங்கள், வீடியோ எடுக்க நிற்காதீர்கள். கான்கிரீட் வீட்டின் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத நடு அறையோ குளியலறையோ நல்லது. குனிந்து உட்கார்ந்து, தலையையும் கழுத்தையும் தலையணையாலோ மெத்தையாலோ மூடிக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவது தப்பு. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்; கதவு ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கட்டும். குடிசை, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு என்றால் பக்கத்துக் கான்கிரீட் வீட்டுக்கு ஓடுங்கள். அது யார் வீடு என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் பொருள்தான். ஷீட் பறக்காமலிருக்க மேலே செங்கல், பழைய டயர் வைப்பது வழக்கம். பலமான காற்றில் அவையே எறிகல்லாகும். ஜே போல்ட்டும் வாஷரும் போட்டுச் சட்டத்தோடு இறுக்குங்கள், ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாக. புயல் அறிவிப்பு வந்ததுமே மாடி டேங்கை நிரப்பிவிடுங்கள். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, காலி டேங்க் உருண்டுவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் மாட்டிக்கொண்டால் மேம்பாலத்தின் அடியில் நிற்காதீர்கள், அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். சவுக்குத் தோப்பும் வேண்டாம். பக்கத்தில் கட்டடமே இல்லையென்றால் மட்டும், வண்டியை விட்டுத் தள்ளிப்போய், தண்ணீர் ஓடாத பள்ளத்தில் குப்புறப் படுங்கள்.

கடலில் ஃபைபர் படகில் இருப்பவர்கள் நீர்ச்சுழலோடு போட்டி போட்டு ஓடக்கூடாது. அது போகும் திசைக்குக் குறுக்கே, செங்கோணத்தில் விலகுங்கள். லைஃப் ஜாக்கெட்டை முதலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். விலக நேரமில்லையென்றால் படகுக்குள் தாழ்ந்து படுத்துவிடுங்கள்.

அடங்கியதும் அறுந்த மின்கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தேங்கிய தண்ணீரிலும் மின்சாரம் பாயலாம். செருப்பில்லாமல் நடந்தால் ஆணி ஏறும். யாராவது இடிபாட்டில் சிக்கியிருந்தால் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.