நிறம் மாறிய வைட்டமின் சி சீரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மதிய வெயில் என் கண்ணாடி மேசை மேலேயே விழும். அங்கே இருந்த, முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்துக்கு மாறி, தலையணை உறையிலும் மஞ்சள் கறை விட்டது. அதிலுள்ள எல்-அஸ்கார்பிக் அமிலத்துக்கு, அதாவது தூய வைட்டமின் சி-க்கு, காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் நன்றாக இறங்கும். முகத்தில் சுரீர் என்பதும் அதனால்தான்.

அடுத்து, காற்றுப் புகாத பம்ப் வைத்த அடர்நிறச் சின்ன பாட்டிலாகப் பார்த்து வாங்கினேன். மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வின் அறிவிப்பு எண்ணையும் சரிபார்த்துக்கொண்டேன். இடம், ஃபிரிட்ஜில் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில். அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். காலையில் ஓர் அழுத்து, அப்புறம் சன்ஸ்கிரீன். இப்போது கடைசிச் சொட்டுவரை தெளிவாகவே வருகிறது. எரிச்சல் தாங்காத தங்கைக்கு சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் என்ற மென்மையான வைட்டமின் சி வகை கலந்த கிரீம். மெதுவாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் முகம் சிவப்பதில்லை.