முதியவரின் எடை மாறும்போது மனத்தையும் கவனிப்பது எப்படி

தமிழக-கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்க்க, பெரியவர்கள் தனியாக இருப்பது வழக்கமாகிவிட்டது. "மனசு சரியில்லை" என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது. "சோறு இறங்க மாட்டேங்குது", "மேலெல்லாம் நோவு" என்றுதான் சொல்வார்கள். அதனால் முதுமையில் வரும் மனச்சோர்வு, சொல்லில் தெரிவதற்கு முன்பே உடல் எடையில் தெரிந்துவிடலாம்.

மாதம் ஒருமுறை, காலைக்கடன் முடித்துக் கஞ்சி குடிப்பதற்கு முன், எடை பார்க்கும் மெஷினைப் பாயின் மேல் அல்லாமல் சிமெண்ட் தரையில் வைத்துப் பார்த்து, காலண்டரிலேயே குறித்து வையுங்கள். வெளியூரில் இருந்து வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு மெலிவு புலப்படாது. மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருப்பதையும், ஜம்பர் (ரவிக்கை) தோளிலிருந்து சரிவதையும் அருகில் இருப்பவர்தான் கவனிக்க முடியும். 60 கிலோ இருந்தவர், தாமாக முயலாமலே, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் 57 கிலோவுக்கு இறங்கினால் அது ஐந்து சதவீதம். "வயசானா மெலியத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனச்சோர்வு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை: கட்டுக்கடங்காத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், பொருந்தாத பல்செட் ஆகியவையும் எடையைக் குறைக்கும்.

எடை கூடுவதும் இதே அளவு கவனத்துக்குரியது. 2010இல் வெளியான, பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று, உடல் பருமன் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பை 55 சதவீதமும், மனச்சோர்வு பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பை 58 சதவீதமும் கூட்டுவதாகக் கண்டது. நடக்க மனமின்றி உட்கார்ந்தே இருந்து, சாயாவும் பழம்பொரியுமாகப் பொழுதைக் கழிப்பவரை "தின்னு தின்னு தடிச்சாச்சு" என்று பிள்ளைகளே இடித்துரைப்பது பெருங்கொடுமை. அந்தச் சொல் அவரை இன்னும் ஒடுங்கச் செய்யும். சில நாட்களுக்குள் எடை ஏறிக் காலும் வீங்கினால் அது கொழுப்பாக இராது. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம் என்பதால் உடனே காட்டுங்கள்.

எடை மாறியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? வழக்கமாகச் செய்யும் காரியங்களில் நாட்டம் குறைந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணை எல்லையின் இருபுறத்திலிருந்தும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது காலண்டரையும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு செல்லுங்கள். கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துச் சீட்டு, தமிழகப் பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் ஒரு மருந்துச் சீட்டு என வைத்திருப்பவர்களுக்கு, ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே போகிறது. மனச்சோர்வு மருந்துகளில் மிர்டாசபின் பசியையும் எடையையும் கூட்டக்கூடியது என்பதால் மெலிந்தவருக்கு உதவலாம், பருத்தவருக்கு ஒத்துவராமல் போகலாம். வேறு சில மருந்துகள் முதியோரின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.

உணவில், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வயிற்றை நிரப்புமே தவிர அதில் புரதம் மிகக் குறைவு. சாளை (மத்தி) மீனோ முட்டையோ பயறோ சேர்ந்தே தட்டுக்கு வர வேண்டும். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். பருத்தவரையும் பட்டினி போடாதீர்கள், கொழுப்போடு தசையும் கரைந்து நடையே தளர்ந்துவிடும். ஒரு நேரமாவது யாராவது உடன் அமர்ந்து உண்ண ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சை தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் பசியோ உறக்கமோ சற்றும் தேறவில்லை என்றால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.